நரம்பில்லாத நெஞ்சு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு லிஃப்டில் போகும் யோகம் கிடையாது. அது ஓடாத இடத்துக்குத்தான் அவரைக் கூப்பிடுவார்கள். ஆகவே ஆயுள் முழுக்கப் படிதான். எங்கள் கட்டடத்துக்கு வருகிறவரும் அப்படி ஏறி இறங்கியவரே. ஒருநாள் அவருடைய இதயம் கைவிரித்தது. முகம் தெரியாத, இறந்துபோன ஒருவரின் இதயத்தைப் பொருத்தினார்கள்.

பிழைத்தார். ஆனால் ரத்தக் குழாய்களைத் தைக்கலாம், இதய நரம்புகளைத் தைக்க முடியாது. நரம்பில்லாத நாக்கைக் கேள்விப்பட்டிருக்கிறோம். அவருக்கு வாய்த்தது நரம்பில்லாத நெஞ்சு.

இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு நூறு தடவை துடிக்கும். ஒரு நரம்பு நாளெல்லாம் கடிவாளத்தைப் பிடித்து அதை எழுபதில் வைத்திருக்கிறது. ஓட வேண்டும் என்று நினைத்தாலே போதும், கால் அசையுமுன்பே மூளை கடிவாளத்தைத் தளர்த்திவிடும். போதாவிட்டால் இன்னொரு நரம்பு சாட்டையைச் சொடுக்கும். நாமோ, நாம்தான் ஓடுகிறோம் என்று பெருமையடித்துக்கொள்கிறோம்.

மெக்கானிக்குக்குக் கடிவாளமும் இல்லை, சாட்டையும் இல்லை. உடம்பு சுரக்கும் அட்ரினலின் ரத்தத்தில் மிதந்து போய்ச் சேர்ந்தால்தான் நெஞ்சுக்குச் சேதி. ஃபோன் இல்லை, தபால்.

"சண்டை முடிஞ்சு நான் பாத்திரம் கழுவிட்டிருப்பேன், அப்பத்தான் இவருக்குப் படபடன்னு அடிச்சுக்கும்" என்பார் மனைவி.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், மேல்மாடியில் ஒருவர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார். பழைய நினைப்பில் விறுவிறுவென்று ஏறிய மெக்கானிக், பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்.

"யாராவது இருக்கீங்களா?" என்று மேலிருந்து குரல்.

"இருக்கேன் சார். நான் வந்துட்டேன், நெஞ்சுதான் இன்னும் வரல."

கம்பெனி அவரை ஸ்டோர் ரூமில் உட்காரவைத்தது. நோய் கொல்லாத மனிதரை நாற்காலி கொன்றது. படியேறலாம் என்று டாக்டர் சொன்னால்தான் விடுதலை. இரண்டு வருடமும் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

மூன்றாவது வருடம் மார்பில் ஒயர்களோடு டிரெட்மில்லில் நின்றார். இயந்திரத்தை இயக்கும் பெண் திரையில் ஏறும் இதயத்துடிப்பைப் பார்த்துவிட்டு அதட்டினாள்.

"அண்ணே, நான் சொல்றதுக்கு முன்னாடி ஏன் நடக்கறீங்க?"

"எங்கம்மா நடந்தேன்? பெல்ட்டே ஓடலியே!"

அவள் டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் நடக்கவைத்தார், வேகம் கூட்டினார், நிறுத்தினார். காலோடு கூடவே துடிப்பு ஏறியது. கால் நின்றதும் இறங்கத் தொடங்கியது.

"யாரு சார் ஒயரிங் பண்ணது?" என்றார் மெக்கானிக்.

"யாரும் பண்ணல. தானா வளந்திருக்கு. உங்க நரம்பு அந்த இதயத்துக்குள்ள வழி தேடிப் போயிருக்கு. எல்லாருக்கும் நடக்கறதில்ல. நடந்தாலும் அரைகுறைதான்."

"அப்ப படி?"

"ஏறுங்க. பொறுமையா."

ஒயர்களைக் கழற்ற வந்த பெண்ணை மெக்கானிக் தடுத்தார். "ஒரு நிமிஷம்மா."

கண்ணை மூடிக்கொண்டார். ஏதோ ஒரு கட்டடத்தின் படிக்கட்டுக்குக் கீழே, கருவிப்பையோடு நிற்பதாக நினைத்திருக்க வேண்டும். உடம்பு இம்மியும் அசையவில்லை. திரையில் எண் ஏறியது. கையெழுத்துப் போட எடுத்த பேனாவைத் திறக்க மறந்து, டாக்டர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.