மொக்கைச்சாமியின் கன்னத்து மரு

கௌசல்யாவின் கைபடாத கண்ணீர் அஞ்சலித் தட்டி ஒரு காலத்தில் திண்டுக்கல்லில் குறைவு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள். செத்துப்போனவரின் போட்டோவைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். முகத்தை இரண்டு நிறம் வெளுப்பாக்கி, கண்ணுக்குக் கீழுள்ள கறுப்பைத் துடைத்து, மருவும் தழும்பும் தெரியாமல் தேய்த்து, மேகத்துக்கு நடுவில் நிறுத்திவிடுவாள். அப்படிச் செய் என்று யாரும் கேட்டதில்லை, செய்யாதே என்றும் சொன்னதில்லை. "போறவுகள நல்லபடியா அனுப்பணும்ல" என்பாள்.

அந்தக் கடையை மூடிவிட்டார்கள். கௌசல்யா பழனி ரோட்டில் பவுல்ராஜின் மரப்பட்டறைக்கு மாறினாள். கம்ப்யூட்டரில் கொடுக்கும் படத்தை மரத்தில் செதுக்கும் சி.என்.சி. மெஷின் அங்கே புதிதாக வந்திருந்தது. பிள்ளையார், மாதா, மயில், அன்னம் எல்லாவற்றுக்கும் படம் ஆயத்தமாகவே கிடைக்கும். மனித முகம் என்றால்தான் கௌசல்யா வேண்டும்.

மெஷினுக்கு முகம், மூக்கு என்றெல்லாம் தெரியாது. அவள் அனுப்பும் கறுப்பு வெள்ளைப் படத்தில் எங்கே வெளுப்போ அங்கே மேடு வைக்கும். எங்கே கறுப்போ அங்கே பள்ளம் தோண்டும். இடையிலுள்ள சாம்பல் நிறங்களுக்கு இடைப்பட்ட ஆழம். படத்தில் புள்ளி புள்ளியாக இருந்தால் மரமும் சொரசொரவென்று வரும். ஒரு சாம்பலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் கன்னத்தில் படிக்கட்டு விழும். அதனால் படத்தைத் திரும்பத் திரும்ப மங்கவைத்து, வெண்ணெய் தடவினாற்போல ஆக்கியபிறகுதான் மெஷினுக்கு அனுப்ப வேண்டும். தேய்த்து வழவழப்பாக்குவது கௌசல்யாவுக்குக் கைவந்த வேலை. பவுல்ராஜுக்கு அவளைப் பிடித்துப்போனது அதனால்தான்.

பங்குனியில் அகரத்திலிருந்து பேச்சிமுத்து என்பவன் வந்தான். மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அவன் அண்ணன் மொக்கைச்சாமி நெஞ்சுவலியில் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. தலைத்திவசத்துக்குத் தேக்குப் பலகையில் அண்ணன் முகம் வேண்டும், மதினிக்கு ஒரு நினைப்பாக இருக்கட்டும் என்றான். இருந்தது ஒரே போட்டோ. ஒரு காதுகுத்து வீட்டில் செல்போனில் எடுத்தது, பிளாஷ் வெளிச்சம் முகத்தில் பளீரென்று விழுந்திருந்தது.

மதினிக்குக் கண் தெரியாது என்பதை அவன் சொல்லவில்லை. மறைக்கவில்லை, வீட்டிலுள்ளவர்களுக்குப் பழகிப்போனது ஊருக்கே தெரியும் என்ற நினைப்புத்தான்.

கௌசல்யா வழக்கப்படி வெளுப்பாக்கினாள், துடைத்தாள், மங்கவைத்தாள். பலகை நன்றாக வந்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணெய் பூசியதும் பவுல்ராஜ் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "அச்சு அசலா இருக்கும்மா. அந்தக் கன்னக்குழிதான் அழகே" என்றார்.

பேச்சிமுத்து ஷேர் ஆட்டோவில் மதினியையும் கூட்டிக்கொண்டு வந்தான். சண்முகவள்ளிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பூ கட்டும் வேலை. முந்தானையில் வாழைநார்த் துணுக்கு ஒட்டியிருந்தது. பெஞ்சில் உட்காரவைத்து மடியில் பலகையைக் கொடுத்தபோதுதான் கௌசல்யாவுக்கு விஷயமே விளங்கியது.

சண்முகவள்ளி இரண்டு கையாலும் தடவினாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"யாரு இது?"

"என்ன மதினி, அண்ணந்தான்."

"ஒங்க அண்ணனா? கன்னம் கொழுக்கட்டையாட்டம் இருக்கு. அந்த மனுசன் வெத்தலய அடக்குனா வெளிய துருத்திக்கிட்டுத் தெரியும், அம்புட்டு ஒட்டுன கன்னம். நெத்தியில என்ன, எங்கயும் முட்டிக்கிட்டாரா?"

பவுல்ராஜ் சிரித்துவிட்டார். உடனே சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

நெற்றியில் புடைத்திருந்தது பிளாஷ் வெளிச்சம். கன்னத்தை உப்பவைத்தது கௌசல்யா பூசிய வெளுப்பு.

சண்முகவள்ளியின் விரல் மறுபடி இறங்கி இடது கன்னத்தில் நின்றது. "இங்க மரு இருக்கும் தாயி. மேடு இருக்கவேண்டிய எடத்துல பள்ளமா இருக்கு."

மருவைக் கௌசல்யா துடைத்துத்தான் இருந்தாள். மிச்சமிருந்த கறுப்பு, மங்கவைத்ததில் பரவி, மெஷினுக்குக் குழியாகப் பட்டிருக்கிறது. பவுல்ராஜ் அழகு என்றது அதைத்தான்.

"சும்மா இருங்க மதினி. பாக்கிற எங்களுக்கு நல்லாத்தான தெரியுது" என்றான் பேச்சிமுத்து.

"நீங்க பாப்பீக தம்பி. சின்னப் பிள்ளையிலயே எனக்குக் கண்ணு போயிருச்சு. மொகம்னா எனக்குக் கையிதான். இப்பல்லாம் நெனச்சுப் பாத்தா விரலுக்கு வரமாட்டேங்குது. மூக்கு வருது, கன்னம் வரமாட்டேங்குது. இதத் தொட்டுக்கிட்டே இருந்தேன்னு வைங்க, இந்த ஆளுதான் விரல்ல தங்கிப்போவாரு. அவரு போயிருவாரு."

பேச்சிமுத்து பலகையை எடுத்துத் துணியில் சுற்றப்போனான்.

"வச்சுட்டுப் போங்கண்ணே" என்றாள் கௌசல்யா. "அக்கா மட்டும் செத்த நேரம் இருக்கட்டும்."

அவள் ஸ்டூலை இழுத்துச் சண்முகவள்ளிக்கு எதிரே போட்டாள். "எம் மொகத்தத் தொட்டுப் பாத்துச் சொல்லுங்கக்கா. இதுல இருந்து அவருக்கு எம்புட்டுக் கூட, எம்புட்டுக் கொறச்சல்னு."

மல்லிகை மணக்கும் அந்த விரல்கள் முகத்தில் ஊர்ந்தபோது கௌசல்யாவுக்குக் கூச்சமாக இருந்தது. கட்டினவன்கூட இப்படி நிதானமாகத் தொட்டதில்லை.

"ஒன் மூக்கு பத்தாது தாயி. அவருக்குத் தண்டு ஒசந்து, நடுவுல ஒடிஞ்சாப்ல இருக்கும். கன்னம் இதுல பாதி. தாடை எலும்பு கையில குத்தும்."

கண்ணும் வாயும் எந்த இடத்தில் என்பதற்கு மட்டும் போட்டோவை அடியில் வைத்துக்கொண்டு, மேடு பள்ளத்தைச் சண்முகவள்ளி சொல்லச் சொல்ல, கௌசல்யா கம்ப்யூட்டரில் புதிதாகச் சாம்பல் நிறம் பூசினாள். மூக்குத்தண்டு வெள்ளை, கன்னம் கறுப்பு, தாடையோரம் ஒரு வெளிறிய கோடு. வெளியே போய்விட்டு வந்து எட்டிப் பார்த்த பேச்சிமுத்து, "பேயாட்டம் இருக்கேம்மா" என்றான்.

"இது பாக்கிறதுக்கு இல்லண்ணே."

முழுவதையும் மங்கவைத்து, விரலில் மரச்சிலும்பு குத்தாத அளவுக்கு வழவழப்பாக்கினாள். எல்லாம் முடிந்தபிறகு, கடைசியாக, இடது கன்னத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்தாள். முன்னாலேயே வைத்திருந்தால் கரைந்துபோயிருக்கும். எத்தனையோ மருக்களைத் துடைத்தவள், ஒன்றை வைத்தது அதுதான் முதல்முறை.

பவுல்ராஜ் முனகிக்கொண்டே இன்னொரு பலகை எடுத்துக்கொடுத்தார்.

திவசத்துக்கு முதல்நாள் கௌசல்யாவே அதை அகரத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள். சண்முகவள்ளி நெடுநேரம் தொட்டுக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் மருவுக்குப் போய்ப் போய் வந்தது. பிறகு உதட்டில் நின்றது.

"வாயி அவரு இல்ல."

"மாத்தித் தரவாக்கா?"

"அந்த மனுசன் வாய மூடி இருந்தாத்தான அது எப்பிடி இருக்கும்னு தெரியும்?" என்றாள். பலகையை மடியில் சரித்துக்கொண்டு, "இருக்கட்டும் தாயி. அம்புட்டும் அவராவே இருந்தா நான் எப்பிடி எந்திரிச்சு பூக்கட்டப் போறது?"

வந்திருந்த உறவுக்காரர்கள் பலகையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். முன்னால் செய்ததுதான் ஆளைப்போல இருந்ததாமே என்று ஒருத்தி கௌசல்யாவின் காதில் விழும்படியே சொன்னாள்.

பேச்சிமுத்து ஆணியும் சுத்தியலுமாக நாற்காலிமேல் ஏறி, வாசல் நிலைக்கு மேலே சாமி படங்களின் வரிசையில் இடம் பார்த்தான்.

"அங்க யாரு தொடுறதுக்கு? எறக்கி அடிங்க தம்பி."

"எம்புட்டு எறக்க மதினி?"

சண்முகவள்ளி எழுந்து சுவரோரம் வந்தாள். மொக்கைச்சாமி அவளைவிடக் கொஞ்சம்தான் உயரம். அவள் கையைத் தூக்கினாள், துழாவவில்லை. உள்ளங்கை தன் நெற்றிக்கு நேராகப் போய்ச் சுவரில் பதிந்தது.

"இங்க."

கை அப்படியே இருந்தது. பேச்சிமுத்து நாற்காலியிலிருந்து இறங்கி, அந்தக் கையைச் சுற்றிப் பென்சிலால் குறித்துக்கொண்டான்.