நாய் தண்ணீர் குடிக்குமா

எங்கள் வீட்டு நாயைச் செம்மறி ஆடாக்கும் யோசனை என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நத்தார் விடுமுறையில் நான் சொல்லாமல் விட்டவையே போதும்.

அப்போது எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஐந்து. முல்லைத்தீவுக் கரையில், உப்புநீர்க் களப்புக்கும் கடலுக்கும் நடுவே எங்கள் வீடு. மார்கழியில் கடல் பொங்கிக்கொண்டு நிற்கும். அப்பா வள்ளத்தைக் கரையேற்றிவிட்டுக் களப்பில் இறால் பிடிப்பார். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் தம்பியும் பாலன் யேசுவுக்குக் குடில் கட்டத் தொடங்கினோம். ஓலை வேய்ந்து, மணல் பரப்பி, மண் உருவங்களை அடுக்கினோம். மாடு இருந்தது, கழுதை இருந்தது. செம்மறி மட்டும் போன வருடமே உடைந்துபோயிருந்தது. செம்மறி இல்லாவிட்டால் பாலன் வரமாட்டார் என்று தம்பி ஒப்பாரி வைத்தான். அவனுடைய அழுகையை என்னால் ஒருபோதும் தாங்க முடியாது. இரக்கத்தால் அல்ல, எரிச்சலால். அம்மா கிணற்றடியில் இருந்த நேரம் பார்த்துத் தலையணை ஒன்றைப் பிரித்து இலவம் பஞ்சை எடுத்தேன். அதை ஒட்ட அரிசிமாவில் கூழ் காய்ச்சினேன். நாயைப் பிடித்தேன்.

நாய்க்கு நாங்கள் பேர் வைக்கவில்லை. தம்பி "டேய்" என்று கூப்பிடுவான், அது வரும். சாதுவான நாய். ஆனால் கூழ் ஆறவில்லை. சுடச்சுட முதுகில் ஊற்றிப் பஞ்சை அப்பினால் எந்தச் சாதுவுக்கும் கோபம் வரும். தலையைப் பிடித்துக்கொண்டிருந்த தம்பியின் முழங்கையில் ஒரு கடி. இழுத்துப் பிரிக்கப் போன என்னுடைய சுட்டுவிரலில் இன்னொன்று. நாய் வேடம் போட்டால் குரைக்க வேண்டும் என்பார்கள். ஆட்டு வேடம் போட்ட நாய் கடிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

தம்பியின் அலறலுக்கு அம்மா ஓடி வந்தா. இரத்தத்தைக் கண்டதும் அவனைத் தூக்கிக்கொண்டு அப்போதிக்கரியிடம் ஓடினா. மருந்துக்கும் காயத்துக்கும் எங்கள் ஊருக்கு அவர் ஒருவர்தான். நானும் விரலைப் பாவாடைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அவர் காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். பிறகு சொன்னார்:

"நாயை அடிச்சுக் கொல்லாதேங்கோ. பத்து நாளைக்குக் கட்டி வைச்சுப் பாருங்கோ. விசர் பிடிச்சிருந்தா தெரியும், தண்ணிக்குப் பயப்படுதோ, வாயால வீணி வடிக்குதோ எண்டு கவனியுங்கோ. பத்தாம் நாளும் நல்லா நிண்டுதெண்டா பிள்ளைக்கு ஒண்டுமில்லை. செத்தாலோ காணாமப் போனாலோ, உடன யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோங்கோ. தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி."

பதினாலு என்று கேட்டதும் என் வாய் தைத்ததுபோல் மூடிக்கொண்டது. வீட்டுக்கு வந்து அம்மா என் விரலைக் கண்டு கேட்டபோது, "கெளிறு குத்தினது" என்றேன். மீன் வெட்டுகிற வீட்டில் கெளிற்று முள் குத்தாத விரல் இல்லை. அம்மா சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பூசிவிட்டா. அத்தோடு அந்தப் பொய்க்கு ஒரு கட்டும் போட்டாயிற்று.

அப்பா நாயைப் பூவரசில் கட்டினார். அவருடைய தகப்பன் பழக்கிய வள்ளக்கார முடிச்சு அது. இழுக்க இழுக்க இறுகும், சூட்சுமம் தெரிந்தவன் தொட்டால் உடனே அவிழும். நத்தாருக்கு அப்போது எட்டு நாள் இருந்தது.

எங்கள் நாயிடம் ஒரு சங்கடம் இருந்தது. குட்டியாக இருந்தபோது வள்ளத்திலிருந்து கடலில் விழுந்து செத்துப் பிழைத்தது. அன்றிலிருந்து அதற்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. செம்பை எடுத்தால் குளிக்க வார்க்கப் போகிறார்கள் என்று பின்வாங்கும். யாரும் பார்க்காத நேரம்தான் குடிக்கும். அதனிடம் போய்த் தண்ணீர்ப் பயத்தைச் சோதிக்கச் சொன்னால் எப்படி? ஒவ்வொரு விடியலும் அம்மா சட்டியில் தண்ணீர் வைத்து, கோயில் தீர்த்தத்தில் இரண்டு துளி விட்டு, எதிரே நிற்பா. நாய் வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு பின்னால் போகும். அம்மாவின் முகம் வெளிறிப்போகும்.

"இஞ்சருங்கோ, தண்ணிக்குப் பயப்படுது!"

"அது எப்பவும் பயந்ததுதானே."

"அப்ப எப்பவும் விசரோ?"

அப்பா இறால் கூடையை எடுத்துக்கொண்டு களப்புக்குப் போய்விடுவார். பகல் முழுவதும் சட்டியை எட்டி எட்டிப் பார்ப்போம். தண்ணீர் குறைந்திருந்தால் நாய் குடித்ததா, கோழி குடித்ததா என்று சந்தேகம். கடைசியில் அம்மா கோழிகளைக் கூடையால் மூடினா. பலகாரம் சுடவில்லை. தம்பியின் புதுச்சட்டைத் துணி தைக்காமல் அலுமாரிக்குள் கிடந்தது. அம்மா அதைத் தைக்கப் பயந்தா என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

அவர்கள் பார்த்தது ஒரு நாயை. நான் பார்த்தது நாயையும் என்னையும். காலையில் வாளித் தண்ணீருக்குள் எட்டிப் பார்ப்பேன். பயம் வருகிறதா? வருவதுபோல் இருக்கும். வாய் கொப்பளிக்கத் தண்ணீர் எடுத்தால் தொண்டை அடைக்கும். விசர் நாய் கடித்தவன் நாய்போலக் குரைத்துச் சாவான் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொல்லியிருந்தாள். தும்மினாலும் அது குரைப்பாக வந்துவிடுமோ என்று மூக்கைப் பொத்திக்கொள்வேன். நத்தாருக்கு முந்திய பாவசங்கீர்த்தனத்தில் தலையணையைப் பிரித்ததைச் சொன்னேன். விரலைச் சொல்லவில்லை. பாவமன்னிப்பு விரலுக்குச் சேருமா சேராதா என்பது வேறு கவலை.

நத்தாருக்கு முதல்நாள் பின்னேரம், காட்டோரத்தில் இருந்த பெரியப்பா பன்றி இறைச்சியோடு வந்தார். அப்பாவின் தமையன். தோளில் எப்போதும் துவக்கு இருக்கும். நாயைக் கண்டதும் நின்றார்.

"கடிச்ச நாயை வைச்சு அழகு பாக்கிறியோ? பிள்ளையளுள்ள வீடு. நாளைக்குப் பூசை முடிய வந்து நானே சுட்டுவிடுறன்."

நான் வேலிப் பக்கம் நின்று கேட்டேன். அப்பா என்ன பதில் சொன்னார் என்று கேட்க நிற்கவில்லை. "பத்து நாள் முடியட்டும் அண்ணை, அதுமட்டும் தொடாதேங்கோ" என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. துவக்கு என்ற சொல்லோடு நான் குசினிக்குள் ஓடிவிட்டேன்.

நத்தார் காலை எல்லோரும் கோயிலுக்குப் புறப்பட்டபோது, செருப்பை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தேன். கிழிந்த வலையைப் பொத்தும்போது அப்பாவின் பக்கத்தில் இருந்து அந்த முடிச்சை நான் களவாகப் பழகியிருந்தேன். தொட்டதும் அவிழ்ந்தது. நாய் என் விரலை நக்கிவிட்டு வீட்டடியிலேயே நின்றது. துவக்கைக் கண்டால் அது ஓடி ஒளியும், பெரியப்பா போனபின் பின்னேரம் பிடித்துக் கட்டிவிடலாம் என்பது என் கணக்கு. பூசை முடிந்ததும் ஊரெல்லாம் சீனவெடி கொளுத்துவார்கள், அந்தச் சத்தத்துக்கு நாய் ஓடும் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

திரும்பி வந்தபோது பூவரசில் கயிறு மட்டும் தொங்கியது. அம்மா முற்றத்தில் அப்படியே இருந்துவிட்டா. அப்பா கயிற்று நுனியைப் பார்த்தார். அறவில்லை, கடிபடவில்லை.

"நாய் முடிச்சு அவிழ்க்காது" என்றார்.

அந்த முடிச்சு தெரிந்தவர்கள் தானும் தமையனும் மட்டுமே என்பது அவருடைய எண்ணம். சற்று நேரத்தில் பெரியப்பா துவக்கோடு வேலிப் படலைக்குள் வந்தார். அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. "களவா அவிட்டுக்கொண்டுபோய்ச் சுட்டுப்போட்டு, இப்ப ஒண்டும் தெரியாத ஆள்போல வாறாய். கள்ளன்!" என்றார். பெரியப்பா பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தார். அப்பா கேட்கவில்லை. மூத்தவரை நீ என்று அப்பா சொல்லி நான் கேட்டது அன்றுதான். பெரியப்பா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி நடந்தார். நான் குடிலுக்குப் பக்கத்தில் நின்று மண் கழுதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருட்டும்வரை தேடினோம். கிடைக்கவில்லை. மறுநாள் விடிய அம்மா தம்பியை யாழ்ப்பாணம் கொண்டுபோகப் புறப்பட்டா. பஸ் வரும் சத்தம் தூரத்தில் கேட்டபோது நான் விரலை நீட்டினேன்.

"அம்மா, இது கெளிறில்லை. நாய்."

உண்மை பேசும் ஆசையில் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். தம்பிக்கு ஊசி போட்டுக் காப்பாற்றிவிடுவார்கள், நான் மட்டும் குரைத்துச் சாவேன் என்ற பயத்தில் சொன்னேன். அம்மா அடிக்கவில்லை. விரலைப் பிடித்துக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தா.  அழுகையோடு அழுகையாக, "முடிச்சையும் நான்தான் அவிட்டனான்" என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லுமுன் பஸ் வந்துவிட்டது.

யாழ்ப்பாணத்தில் மாமி வீட்டில் தங்கி இரண்டு பேருக்கும் பதினாலு பதினாலு ஊசி. தம்பி ஒவ்வொரு நாளும், "டேய்க்கும் ஊசி போடுவினமோ?" என்று கேட்டான். 

திரும்பி வந்து இறங்கியபோது அப்பா சந்தியில் நின்றார். தாடி வளர்ந்திருந்தது. அம்மாவையும் தம்பியையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, "வா, பெரியப்பா வீட்ட போவம்" என்றார். "எனக்குத் தனியப் போக முகமில்லை."

இரண்டு மைல் நடந்தோம். படலையைத் திறந்தபோது, வேப்பமரத்தடியில், வள்ளக்கார முடிச்சில், எங்கள் நாய் நின்றது. முதுகில் ஒட்டிய பஞ்சு இன்னும் கொஞ்சம் இருந்தது.

பெரியப்பா உம்மென்ற முகத்தோடு வெளியே வந்தார். அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"அண்டைக்குப் போற வழியில களப்பங்கரையில கண்டனான், பிள்ளை. சுடத்தான் நினைச்சன். பிறகு, பத்து நாள் முடியட்டும் எண்டு கொண்டுவந்து கட்டினனான். பத்தாம் நாள் கதவுக்குப் பின்னால நிண்டு பாத்தன். வடிவாத் தண்ணி குடிச்சது. அண்டைக்கே உங்களுக்குச் சொல்லி விட்டிருக்கலாம். உன்ர கொப்பர் என்னைக் கள்ளன் எண்டவர். அந்த ரோசம். உங்களுக்கு மிச்ச ஊசியெல்லாம் என்னாலதான்."

"இல்லைப் பெரியப்பா, என்னாலதான்" என்றேன்.  "அண்ணை" என்று மட்டும் சொன்னார் அப்பா.

பெரியப்பா உள்ளே போய் ஒரு சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து நாய்க்கு முன்னால் வைத்தார். நாய் வாலைச் செருகிக்கொண்டு பின்னால் போனது. மூன்று பேரும் மற்றப் பக்கம் திரும்பி நின்றோம்.   பிறகு முதுகுக்குப் பின்னால், சளக் சளக் என்று நாய் தண்ணீரை நக்குவது கேட்டது.