இழுத்தால் திறக்கும் ஓட்டைகள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். அதிகம் படிக்காதவள் என்ற கூச்சம் ஒரு பக்கம், என் ஓரகத்தியின் மனசு நோகுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். போன கிருத்திகையன்று விளக்கேற்றிவிட்டு அவளிடமே கேட்டேன். "எழுதுக்கா. பேரு மட்டும் போடாத. நடந்தது நடந்த மாதிரி இருக்கட்டும்" என்றாள். முருகன் துணை என்று ஆரம்பிக்கிறேன்.

எங்கள் வீட்டுத் தையல் மிஷின் டிராயரில் ஒரு தோல் துண்டு இருக்கிறது. கறுப்பு ஷூவின் மேல்பாகம். ஃபேக்டரியில் அப்பர் என்போம். அதன் ஓரத்தில் ஒரு தையல். தையலை ஒட்டியே நூல் இல்லாமல் ஒரு வரிசை ஊசி ஓட்டை. தோலைச் சாமி படத்துக்குக் கிட்டே வைக்க முடியாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை மிஷினுக்குக் குங்குமம் வைக்கும்போது அந்த டிராயருக்கும் ஒரு பொட்டு வைக்கிறாள் என் ஓரகத்தி.

ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். அவள் தைக்கும் ரவிக்கைக்கு எங்கள் தெருவில் நல்ல பேர். கொழுந்தனார் லோடு இறக்கும்போது விழுந்து, வேலூரில் முதுகு ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்த சமயம் அது. அவள் சம்பளம் வந்தால்தான் அவருக்கு மாத்திரை. டிரெய்னிங் மேடம் எங்களைவிடச் சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். முதலில் நூல் கோக்காமல் காகிதத்தில் தைக்கவிட்டார். வரைந்த கோட்டின் மேலேயே ஊசி போக வேண்டும். "ரவிக்க தச்ச கைக்குப் பேப்பரக் குடுக்குறாங்க பாரு, ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்குக் குடுக்குற மாதிரி" என்று என் காதில் சொல்வாள் ஓரகத்தி. "இன்னாக்கா சிரிப்பு அங்க? ஊசி கோட்ட விட்டு ஓடுது பாருங்க" என்பார் மேடம்.

அந்த வாரமே ஃப்ளோர் மேனேஜர் வந்து நின்றார். "ஆர்டர் போவணும், ஆளு கம்மி. கை தெரிஞ்சவங்கள லைனுக்கு அனுப்பும்மா." இன்னும் தோலையே தொடவில்லை என்று மேடம் சொன்னது எடுபடவில்லை. ஓரகத்தி பெருமையோடு எழுந்து, ஆர்டர் தைக்கிற அந்த லைனுக்குப் போனாள். மதியத்துக்கு மேல் அவள் தையல் அங்கங்கே கோணியது. துணி தைக்கிறவர்கள் எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். பிளேடால் பிரித்து, பக்கத்தில் நேராகத் தைத்து, விரலால் நீவிவிட்டாள். துணியென்றால் ஓட்டை மறைந்துவிடும். தோலிலும் மறைந்த மாதிரிதான் இருந்தது. மறுநாள் அடுத்த செக்‌ஷனில், கால் வடிவ அச்சில் மாட்டி இழுத்தபோது ஒவ்வொரு ஓட்டையும் வாய் திறந்தது. அவள் திருத்திய அத்தனை ஜோடியும் வீண்.

"நாளையிலருந்து வராத" என்றார் மேனேஜர். அவள் அழவில்லை. "அவரு மாத்திரைக்கு இன்னாக்கா பண்ணுவேன்" என்று, விஷயம் கேட்டு ஓடிப்போன என்னிடம் முனகினாள். அதற்குள் மேடம் வேகமாக வந்தார். "சார், பிரிக்கக் கூடாதுன்னு நான் சொல்லித் தர்றதுக்குள்ள கூட்டிட்டுப் போய்ட்டீங்க. சொல்லித்தராத வேலைக்குத் தண்டனையா? அனுப்புறதுன்னா என்னையும் சேத்து அனுப்புங்க." சுற்றி இருந்த மிஷின்கள் நின்றுவிட்டன. மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி, பேஜார் பண்ணாத. கூட்டிட்டுப் போய்க் கத்துக்குடு" என்றார்.

மேடம் அவளைத் திட்டவில்லை. கெட்டுப்போன ஒரு அப்பரை அவள் கையாலேயே அச்சில் இழுக்க வைத்தார். ஓட்டைகள் திறப்பதை அவளே பார்த்தாள். எங்கள் டிராயரில் இருப்பது அந்த அப்பர்தான். "தப்பு வந்தா மிஷின நிறுத்துங்க, கையத் தூக்குங்க" என்றார். கேட்க லேசான காரியம். ஆனால் புகுந்த வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட யாரும் வருவதற்குள் துடைத்துவிட்டுப் பழகியவர்கள் நாங்கள். தப்பு நடந்துவிட்டது என்று நாலு பேர் பார்க்கக் கை தூக்க எங்களுக்கு வரவில்லை. தையலைவிட அதற்குத்தான் அதிகம் பழக வேண்டியிருந்தது. "இன்னும் மேல தூக்குங்கக்கா, சாமி கும்பிடும்போது தூக்குறீங்க இல்ல" என்று சிரிப்பார் மேடம். ஒருவருக்கு வேலை கற்றுக்கொடுப்பது என்பது கைக்கு மட்டும் கற்றுக்கொடுப்பது இல்லை என்று எனக்கு அங்கேதான் புரிந்தது.

மேடம் கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்டார். கொழுந்தனார் இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். அதே டிரெய்னிங் ரூமில், மேடம் நின்று சொல்லிக்கொடுத்த இடத்தில், இன்று என் ஓரகத்தி நிற்கிறாள். போன மாதம் புது மேனேஜர் வந்து, புதிதாகச் சேர்ந்த பெண்களை லைனுக்கு அனுப்பச் சொன்னாராம். மறுநாள் டிபன் பையில் அந்தத் தோல் துண்டை எடுத்துப் போனாள். எல்லார் முன்னாலும் அச்சில் மாட்டி, "இழுத்துப் பாருங்க சார்" என்றாளாம். அவர் இழுத்திருக்கிறார். ஓட்டைகள் திறந்திருக்கின்றன.

"யாரு தச்சது இது?" என்று கேட்டாராம்.

அவள் கையைத் தூக்கியிருக்கிறாள்.

மேனேஜர் யாரையும் கூட்டிப் போகவில்லை. சாயங்காலம் அவள் வந்து அந்தத் துண்டை மறுபடி டிராயரில் வைத்தாள்.

இதைப் படிக்கிறவர்கள், ஆள் வைத்து வேலை வாங்குகிற நாலு பேருக்காவது சொல்லுங்கள். மேனேஜரைக் கெட்டவராக்க வேண்டாம், என் ஓரகத்தியைப் பெரியவளாக்கவும் வேண்டாம். எங்காவது கோணலாகத் தெரிந்தாலும் பிரித்துத் தைக்காமல், இருப்பது இருக்கிறபடியே சொல்லுங்கள்.