அந்த வீடியோவில் விழுவது ரூபன் அண்ணன் இல்லை

ரூபன் அண்ணன் நேற்றுச் சாயங்காலம் இறந்துவிட்டார். திகாம் பத்து என்கிற ஊர்ப் பக்கம், மழையில்.

ஆனால் உங்கள் வாட்ஸ்அப் குரூப்புகளில் சுற்றுகிற வீடியோவில் விழுவது அவர் இல்லை. தயவுசெய்து அதை யாருக்கும் அனுப்பாதீர்கள்... முதலில் இதைப் படியுங்கள்.

நான் இங்கே எதுவும் எழுதுவதில்லை. கோயில் படத்துக்கு லைக் போடுவதோடு சரி. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

அது ஒரு கேம். சுங்கைப்பட்டாணியில் ஒரு வொர்க்‌ஷாப்புக்கு மேல் மாடியில் நாங்கள் ஐந்து பேர் செய்துகொண்டிருக்கிற மோட்டார் சைக்கிள் கேம்.

மோட்டார் எப்படிச் சாய வேண்டும், ஈரத் தாரில் டயர் எப்படி வழுக்க வேண்டும், விழுந்தால் உடம்பு எப்படி உருள வேண்டும்... அந்த பிசிக்ஸ் எல்லாம் ரூபன் அண்ணன் வேலை.

ஓட்டிப் பார்த்துத் தப்பு கண்டுபிடிப்பது என் வேலை. மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்ட எனக்குக் கிடைத்த முதல் வேலை.

வீடியோவில் தெரிவது கோலா கெத்திலுக்குப் போகிற ரோடு மாதிரி கேமில் செய்தது. இரண்டு பக்கமும் செம்பனை, நல்ல மழை, முன்னால் ஒரு லோரி. அதை வேகமாக முந்தப் பார்த்து மோட்டார் வழுக்கி விழுகிறது.

பிளேட் நம்பர் அண்ணனுடையதுதான். மஞ்சள் சட்டையும் அவருடையதுதான். விளையாட்டாக அவரே கேமில் போட்டுவைத்தார்.

சில மாதம் முன்பு அதை வீடியோ எடுத்து, "இன்னைக்கு ஜஸ்ட் மிஸ்" என்று எழுதி ஸ்டேட்டஸில் வைத்தார். கூட்டாளிகள் பயந்துபோய் போன் செய்தார்கள். அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நேற்று யாரோ அந்த "ஜஸ்ட் மிஸ்" என்பதை வெட்டிவிட்டு மறுபடி அனுப்பியிருக்கிறார்கள். இப்படி ஓட்டினால் சாகாமல் என்ன செய்வான் என்று கீழே திட்டுகிறார்கள்.

இதை எழுதும்போதே இன்னொரு குரூப்பில் வந்துவிட்டது. ஒரு அழுகிற முகம், ஒரு கும்பிடு.

அது ஏன் அவ்வளவு நிஜமாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் அண்ணன் வொர்க்‌ஷாப் வாசலில் ஒரு வாளித் தண்ணீரை ரோட்டில் ஊற்றிவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டார். ஈரத் தாரில் கடை போர்டு வெளிச்சம் எப்படி நீளமாக இழுபடுகிறது என்று பார்க்க.

வொர்க்‌ஷாப் மாமா வெளியே வந்து, என்னடா பண்ற என்று கேட்டார்.

"ரோட்டப் பாக்குறேன் மாமா."

"அது எங்கயும் ஓடிடாது லா. எந்திரி, கார எடுக்கணும்."

விழுவதற்கும் அப்படித்தான். பழைய மெத்தையைப் போட்டு, தானே விழுந்து விழுந்து கேமராவில் எடுத்தார்.

எத்தனை தடவை விழுந்தாலும் இடது தோள்தான் முதலில் படும். வலது கை சட்டைப் பையைப் பிடித்துக்கொள்ளும். ஏன் என்று கேட்டதற்கு, "போன் புதுசு லா" என்றார்.

அதனால்தான் அவரை நன்றாகத் தெரிந்தவர்களே நம்புகிறார்கள். விழுகிற விதம் அவரேதான்...

இன்று காலை பாக்கார் ஆராங்கில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் கெமாக் கூடாரம் போட்டு நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அவரை இன்னும் கொண்டுவரவில்லை.

ஆன்ட்டி, அவர் அம்மா, ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மழை பிடித்ததும் போன் செய்து, எங்காவது ஒதுங்கி நில் என்று சொன்னாராம். சரி என்றாராம் அண்ணன்.

அவர் நிற்கவும் செய்தார். பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கி நின்றவர் மேல் ஒரு கார் வழுக்கி வந்து மோதியிருக்கிறது. போலீஸ் அப்படித்தான் சொன்னதாக அவர் தம்பி என்னிடம் சொன்னார்.

அப்போது அவர்கள் பெரியப்பா ஒருவர் போனை நீட்டினார். "எங்க நின்னான்? பாருங்க, எப்படி முந்துறான்னு."

ஆன்ட்டி வாங்கிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "சரின்னு சொன்னானே..."

கெமாவில் அத்தனை பேர். ஆபீஸில்கூட நான் வாயைத் திறக்காமல், திரையில் விரலை வைத்துத்தான் தப்பைக் காட்டுவேன்.

"ஆன்ட்டி, அது அண்ணன் இல்ல. கேம்."

பெரியப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கேமா? நம்பர் பிளேட்டப் பாரும்மா. ரத்தமும் சதையுமா விழுறான், கேமாம்."

போனை வாங்கி, வீடியோவை நிறுத்தி, ஹெல்மெட் மேல் விரலை வைத்தேன்.

ரோடு நனைந்திருக்கிறது. சட்டை உடம்போடு ஒட்டியிருக்கிறது. ஹெல்மெட்டில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்த மழையில், அப்போதுதான் துடைத்துவைத்த மாதிரி.

அது எங்கள் கேமில் இருக்கிற தப்பு. வேலையில் நான் முதலில் கண்டுபிடித்ததும் அதுதான். அன்றும் விரலை வைத்துத்தான் காட்டினேன்.

"ஏன், அது மட்டும் குடை பிடிச்சிருக்கா?" என்றார் அண்ணன். நான் சிரிக்கும்வரை விடவில்லை. பிறகு சரிசெய்யலாம் என்று விட்டுவிட்டார்.

தம்பி குனிந்து பார்த்தார். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

ஆன்ட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அப்ப... நின்னானா?"

"நின்னாரு ஆன்ட்டி. நீங்க சொன்ன மாதிரியே."

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

"நான்தானே நிக்கச் சொன்னேன்..." என்றார் ஆன்ட்டி.

அவர் பிடியை விடவில்லை. நானும் கையை எடுக்கவில்லை.

பெரியப்பா தன் போனில் அதை அழித்துவிட்டார். நீங்களும் அழித்துவிடுங்கள். உங்களுக்கு அனுப்பியவரிடமும் சொல்லுங்கள்.

மதியம் அண்ணனைக் கொண்டுவருகிறார்கள். கெமாவில் ஓர் ஓரமாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மழை மறுபடி இருட்டிக்கொண்டு வருகிறது.

ஆபீஸில் நானே வாய் திறந்து சொல்லிவிடுகிறேன் அண்ணே... ஹெல்மெட் நனையாமல் அப்படியே இருக்கட்டும், யாரும் சரிசெய்ய வேண்டாம் என்று.

போயிட்டு வாங்க.