பால் மறக்கவைத்த யாத்திரை

மகனைப் பால் மறக்கவைக்கத்தான் நான் அந்த யாத்திரைக்குப் போனேன். பக்திக்காகப் போகிறேன் என்று மற்றவர்களிடம் சொன்னதும் பொய்யில்லை. இரண்டில் எது முந்தியது என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

அவனுக்கு இரண்டு வயது கடந்திருந்தது. சோற்றைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்வான். கிளினிக்கில் அவனை நிறுத்துப் பார்க்கும் மிட்வைஃப், பாலை நிறுத்தினால்தான் பிள்ளை சாப்பிடும் என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். பக்கத்து வளவில் இருக்கும் என் அக்கா வேப்பெண்ணெய் பூசச் சொன்னாள். பூசினேன். அவன் முகத்தைச் சுளித்தான், தன் சட்டை நுனியால் அதைத் துடைத்தான், பிறகு குடித்தான். அதற்குமேல் பூச எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமைகளில் பக்தி யோக வகுப்பு நடக்கும். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் நடத்துகிறார். கொஞ்சம் மூச்சுப் பயிற்சி, நாம ஜெபம், பஜனை. அந்தக் குழு மண்டூர் முருகன் கோயிலுக்கு, வழிக் கோயில்களில் தங்கித் தங்கி, மூன்று நாள் நடந்து போகப்போகிறது என்று கேள்விப்பட்டதும் அக்காதான் முடிவெடுத்தாள்.

“நீ கண்ணுல படாம இருந்தாத்தான் புள்ள அவன் மறப்பான். நான் பாத்துக்குறன், நீ போயித்து வா.”

கட்டாரில் இருக்கும் கணவரும் அக்கா சொல்வதைக் கேள் என்றார். பாலை மறப்பவன் என்னையும் மறந்துவிடுவானோ என்று நான் பயந்ததை இருவருக்கும் சொல்லவில்லை. படித்தவள் இப்படி நினைக்கலாமா என்று வெட்கமாக இருந்தது.

அவன் நித்திரையில் இருக்கும்போதே புறப்பட்டேன். சொல்லாமல் வந்தது சரியா என்று காத்தான்குடி தாண்டும்வரை யோசித்துக்கொண்டே நடந்தேன். சொல்லியிருந்தால் வந்திருக்கவே மாட்டேன் என்றும் தெரியும்.

முதல் நாள் மத்தியானமே பால் கட்டிக்கொண்டது. சேலை பட்டாலும் வலித்தது. பீச்சி எடுத்தால் திரும்பவும் ஊறும், விட்டுவிடு, தானாக வற்றும் என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். ஆனாலும் நாங்கள் தங்கிய கோயிலின் கிணற்றடி மறைப்புக்குள் போய்ப் பீச்சி மண்ணில் விட்டேன். வலி குறைந்தது. செய்திருக்கக் கூடாதோ என்ற எண்ணம் உடனே வந்துவிட்டது.

அன்று மாலை டீச்சர் பக்தியின் வழிகளைப் பற்றிப் பேசினார். இறைவனை எசமானாக நினைக்கலாம், நண்பனாக நினைக்கலாம், பெற்ற பிள்ளையாகவும் நினைக்கலாம். இன்றைக்கு முருகனை உங்கள் வயிற்றுப் பிள்ளையாக நினைத்துப் பாடுங்கள் என்றார். கண்ணை மூடினேன். முருகன் வரவில்லை. சட்டை நுனியால் வேப்பெண்ணெயைத் துடைக்கிற என் மகன்தான் வந்தான். அழுகை வந்தது. ரவிக்கையும் நனைந்தது. டீச்சர் எழுந்து வந்து என் தலையில் கைவைத்து, உருகுவதென்றால் இப்படித்தான் உருக வேண்டும் என்று எல்லாருக்கும் சொன்னார்.

பக்கத்தில் இருந்தவர் வாவியில் மீன்பிடிக்கும் ஒருவரின் மனைவி. நான்கு பிள்ளை பெற்றவர். அவர் பார்வை மட்டும் என் கண்ணுக்குப் போகவில்லை, நனைந்த ரவிக்கைக்குப் போனது.

“சேலையை இழுத்து விடு புள்ள,” என்றார் மெதுவாக. “முருகனுக்குப் பசி வந்தித்து போல.”

சிரித்துவிட்டேன். பிறகு இன்னும் அதிகமாக அழுதேன்.

அடுத்த நாள் அக்காவுக்குப் போன் எடுத்தேன். என் குரல் கேட்டால் பால் ஞாபகம் வரும் என்று அவள் போனை அவனிடம் கொடுக்கவில்லை. பருப்பு விட்டுக் குழைத்த சோறு நாலு வாய் தின்றானாம். நல்ல செய்தி. அதைக் கேட்ட பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

குருமண்வெளித் துறையில் ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றிப் போகும், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் வாவியைக் கடந்தோம். மழை இருட்டு. மற்றவர்கள் நாமம் சொல்லிக்கொண்டு வந்தார்கள். நான் உதட்டை மட்டும் அசைத்தேன். மண்டூரில் பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னே போகிறார். மந்திரச் சத்தம் இல்லை. அந்த அமைதியில் நின்று, அவன் மறக்க வேண்டும் என்று கேட்டேன். மறக்கக் கூடாது என்றும் கேட்டேன்.

பஸ்ஸில் வீடு வந்தபோது பின்னேரம். அக்கா வீட்டு முற்றத்தில் சிரட்டையில் மண் அள்ளிக்கொண்டிருந்தவன் என்னைக் கண்டதும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டான். அவன் என்னை மறக்கவில்லை. தூக்கினேன். வழக்கம்போல அவன் கை என் கழுத்தடிக்குப் போனது. பாதியில் நின்றது.

“சாமி பால் குடிச்ச?”

எனக்கு விளங்கவில்லை. அக்காவைப் பார்த்தேன். அவன் அழுத முதல் இரவில், அம்மா பாலைச் சாமிக்குக் கொடுக்கப் போய்விட்டாள் என்று அவள் சொல்லியிருக்கிறாள். ஓமென்று சொல் என்பதுபோல் அவள் தலையை ஆட்டினாள்.

“ஓம் மனே.”

“எல்லாம்?”

“எல்லாம் குடிச்சித்தார்.”

அப்போதும் என் மார்பு கசிந்துகொண்டுதான் இருந்தது. அவன் கையை எடுத்துக்கொண்டான். அழவில்லை. அழுதிருந்தால் கொடுத்திருப்பேன். எல்லாம் என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

இப்போது நன்றாகச் சாப்பிடுகிறான். நிறை கூடியிருக்கிறது. மிட்வைஃப் என்னைப் பாராட்டினார். ஆனால் சாமியறைக்கு மட்டும் வர மாட்டான். முன்பு நான் விளக்கு ஏற்றும்போது பூ எடுத்துத் தருவான். இப்போது கூப்பிட்டால் மாட்டேன் என்று தலையை ஆட்டுகிறான். கையில் பிஸ்கட்டோடு அந்த வாசலைத் தாண்ட வேண்டி வந்தால், அதைச் சட்டைக்குள் மறைத்து, படத்தைப் பார்த்துக்கொண்டே சுவரோரமாகப் போகிறான். அக்கா அதை வருகிறவர்களுக்கெல்லாம் நடித்துக் காட்டிச் சிரிக்கிறாள். சாமி அப்படிப்பட்டவர் இல்லை என்று நான் அவனுக்குச் சொல்ல வேண்டும். சொன்னால், அப்படியென்றால் பால் எங்கே என்று கேட்பான்.