ரேடியோ ரூமில் நான் எழுதாமல் விட்ட தலைகள்

பொது ரேடியோவின் குமிழைத் திருகுகிற வேலையில் இருப்பவனுக்கு முதலாளி ஒருவர் அல்ல, ஊரில் காது உள்ள அத்தனை பேரும் முதலாளிகள்தான்.

மன்றம், படிப்பகம், சங்கம் என்று ஊருக்குப் பொதுவான எதையாவது திறந்து மூடும் பொறுப்பை ஏற்றுத் திட்டு வாங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும். குடவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பஞ்சாயத்து ரேடியோ ரூமைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. மாலை ஐந்தரைக்குக் கதவைத் திறந்து, பேப்பர்களை மேஜையில் விரித்து, கேரம் பலகையைத் துடைத்து, ரேடியோவைப் போட வேண்டும். எட்டு மணிக்குப் பூட்ட வேண்டும். உள்ளே வருகிறவர்கள் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் உத்தரவு. எனக்கு மனிதர்களோடு பேசக் கூச்சம்; எண்ணுவதில் கூச்சமில்லை. நோட்டில் தெருவாரியாகக் கட்டம் போட்டு ஒரு நாள் விடாமல் எழுதினேன். பதினோரு வருஷம்.

சிவப்புக் காய்

கோவிந்தசாமியின் ஆறு மா நிலத்தைக் குத்தகைக்குச் செய்துவந்தவர் நாகப்பன். குத்தகைதாரர் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்ததும் அவர் மனுப் போட்டுவிட்டார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. ஆனால் ஆறு மணி அடித்தால் கேரம் பலகைக்கு எதிரெதிரே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவர் தப்பாக அடித்தால் மற்றவர் என்னைப் பார்த்து, "செவப்புக் காயை எடுத்து நடுவுல வைக்கச் சொல்லு" என்பார். நான் திரும்பி அதையே சொல்வேன். இரண்டடித் தூரத்துக்கு ஒரு தபால்காரன்.

என்றைக்காவது கைகலப்பு வந்து பலகை உடையுமே என்று எனக்குப் பயம். பலகை என் பொறுப்பு. ஒருநாள் நாகப்பனிடம், "நீங்க ஏழு மணிக்கு மேல வாங்களேன்" என்று சொல்லிவிட்டேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு. அதன்பிறகு ஏழு நாள் இருவருமே வரவில்லை. எட்டாம் நாள் பத்தடி இடைவெளி விட்டு, முன்னும் பின்னுமாக வந்தார்கள். நிலக்காரர் கோவிந்தசாமிதான் பேசினார்.

"கேஸு தாலுகா ஆபீஸுல நடக்குது, சிங்காரம். இங்க கேரம் நடக்குது. அவன் மூஞ்சிய நான் பாக்க இந்த ஒரு எடந்தான் இருக்கு, அதுக்கும் நீ தடை உத்தரவு போடாத."

உரக்க

படிக்கத் தெரியாதவர்கள் பேப்பரைப் படித்துச் சொல்லச் சொல்வார்கள். எனக்கு நான்கு பேருக்கு முன்னால் குரல் எழும்பாது. சட்டசபையில் ஆளுங்கட்சிக்காரர் மேஜையைத் தட்டிப் பேசிய பேச்சை நான் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாட்டுத் தரகர் ரெங்கசாமி கொஞ்ச நேரம் கையைக் காதில் குவித்துப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"சத்தமா படிங்க தம்பி, திட்டு வாங்குன எதிர்க்கட்சிக்காரன்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டான்."

வாய்க்கால் கரை

தெற்குத் தெரு என்பது பண்ணை வேலை செய்யும் ஆதிதிராவிடர் தெரு. அந்தத் தெருக்காரர்கள் வயலிலிருந்து திரும்பும்போது ரேடியோ ரூம் வேலிக்கு அப்பால் வாய்க்கால் கரையில் நின்று ரேடியோ கேட்பார்கள். தலையில் புல்லுக்கட்டு இருந்தால் இறக்கமாட்டார்கள். இறக்கினால் தங்கிவிட்டதாக ஆகிவிடும் என்று ஒரு தயக்கம். உள்ளே வராதே என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. வா என்றும் யாரும் சொன்னதில்லை. சாவி என் இடுப்பில் இருந்தது, நானும் சொன்னதில்லை.

நடவுக்கு ஆள் கூட்டிவரும் வீராயி ஒருநாள் வேலியருகே வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கம்பத்தின் உச்சியில் குழாய் ஸ்பீக்கர் பெரிய தெருவைப் பார்த்து இருந்தது. "ஐயா, அதைக் கொஞ்சம் தெக்க திருப்பி வச்சா நல்லாருக்கும். நடவுக்கு இவ்வளவு கூலின்னு கவர்மெண்டு சொல்லுதாம். காத்து மாறி அடிச்சா தொகை மட்டும் காதுல விழ மாட்டேங்குது" என்றார்.

"தலைவரைக் கேட்டுச் சொல்றேன், நீ போ" என்றேன். பஞ்சாயத்துத் தலைவருக்கு முப்பது ஏக்கர் நிலம். கூலித் தொகையைக் கேட்கக் குழாயைத் திருப்பலாமா என்று அவரிடம் போய்க் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. பத்து நாள் கழித்து வீராயி மறுபடி வந்தார். "இன்னும் கேக்கல" என்றேன். அவர் கோபப்படவில்லை.

"பரவால்லங்க, நீங்க சிரமப்படாதீங்க. காத்துகிட்டயே கேட்டுக்கறோம்."

நாற்பத்தொரு நாள்

அந்த வருஷம் சம்பா அறுப்பில் கூலித் தகராறு வந்தது. தெற்குத் தெருவில் சிவப்புக் கொடி ஏறியது. மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை அறுப்புக்குக் கொண்டுவந்தார்கள். வரப்பில் அடிதடி நடந்து இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. பள்ளிக்கூடத்தில் போலீஸ் வந்து தங்கியது. கூட்டம் சேரும் என்று சொல்லி ரேடியோ ரூமைப் பூட்டச் சொன்னார் தலைவர். நாற்பத்தொரு நாள் பூட்டிக் கிடந்தது. நான் தினமும் ஐந்தரைக்குப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, நோட்டில் 'மூடப்பட்டது' என்று எழுதிவிட்டு வருவேன்.

போலீஸ் முகாமிலிருந்த ஏட்டு, நாகப்பட்டினத்துக்காரர், ஒரு மாலை அங்கே வந்தார். பொழுது போகவில்லை, கேரம் ஆடலாமா என்று கேட்டார். கலவரம் என்பதால் பூட்டியிருக்கிறோம் என்றேன். பூட்டையும் என் கையிலிருந்த நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஊரே ஒருத்தரோட ஒருத்தர் பேசாம கெடக்கு, பேச இருக்கற ஒரு ரூமையும் பூட்டிட்டு இவரு கணக்கு எழுதறாரு."

பூஜ்யம்

தகராறு அடங்கிய மறு வருஷம், எங்கள் வட்டாரத்துக்கு இன்னொரு ரேடியோவும் ஒரு சின்னப் படிப்பகமும் ஒதுக்கினார்கள். தெற்குத் தெருவுக்குக் கேட்டு வீராயி மனுக் கொடுத்தார். மனு நிறையக் கைநாட்டு. விசாரிக்க யூனியன் ஆபீஸிலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். பஞ்சாயத்துத் தலைவர் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வீராயியும் அவர் தெருக்காரர் நான்கு பேரும் வேலிக்கு வெளியே நின்றார்கள். "இருக்கற ரூமை அந்தத் தெருக்காரங்க எவ்வளவு பேர் பயன்படுத்தறாங்க?" என்று அதிகாரி கேட்டார். என்னிடம் யாரும் இவ்வளவு மரியாதையாக ஒரு கணக்குக் கேட்டதில்லை. மூன்று வருஷத்து நோட்டுகளை எடுத்துவந்து அடுக்கினேன். மேலத் தெரு, பெரிய தெரு, கடைத் தெரு எல்லாவற்றுக்கும் எண்ணிக்கை இருந்தது. தெற்குத் தெருக் கட்டத்தில், நாள் தவறாமல், பூஜ்யம். வட்டம் கோணாமல் போட்டிருந்தேன்.

"ஆர்வமே இல்லாத எடத்துக்கு எதுக்கு ரேடியோ?" என்று தலைவர் சிரித்தார். அதிகாரி என் எழுத்தைப் பாராட்டிவிட்டு, 'தேவை இல்லை' என்று எழுதினார். வீராயி வெளியிலிருந்து, "தெனம் கரையில நின்னமே, அது?" என்றார். அதிகாரி என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும். முந்தின நாள் மாலை இருபத்து மூன்று பேர். அதற்கு முந்தைய நாள் பத்தொன்பது. மழை பெய்த அன்றைக்குக்கூட எட்டு. எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. ஒவ்வொரு நாளும் எண்ணியிருந்தேன். அதை எழுதக் கட்டம் இல்லை, அவ்வளவுதான். தலைவர் தொண்டையைக் கனைத்தார். "உள்ள வந்து கையெழுத்துப் போட்டாத்தான் கணக்கு" என்றேன். என் குரல் அன்றைக்கு மட்டும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வந்தது.

ரேடியோ பக்கத்து ஊருக்குப் போயிற்று. அதிகாரி ஜீப்பில் ஏறுமுன் என் தோளைத் தட்டினார்.

"உங்க நோட்டு இல்லேன்னா நான் தப்பா முடிவு பண்ணியிருப்பேன்."

புதுக் கட்டம்

மறுநாள் நோட்டில் 'வெளியே நின்றவர்கள்' என்று ஒரு கட்டம் போட்டேன். ஏணி வைத்து ஏறி, யாரையும் கேட்காமல் குழாயைத் தெற்கே திருப்பினேன். ஆறு மணி ஆயிற்று, ஏழு ஆயிற்று. வாய்க்கால் கரையில் ஒருவரும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. அவர்கள் மடைக்கு அந்தப் பக்கமாகச் சுற்றி வீட்டுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். யூனியன் ஆபீஸுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். கொடுத்த ரேடியோவைத் திரும்ப வாங்க முடியாது என்று குமாஸ்தா சொல்லிவிட்டார். என் புதுக் கட்டத்தில் முப்பது நாளும் பூஜ்யம்தான் எழுதினேன். கேரம் ஆடவந்த நாகப்பன் அதை எட்டிப் பார்த்தார்.

"ஆளு இருந்தப்ப கட்டம் இல்ல, கட்டம் போட்டா ஆளு இல்ல, நீ கவர்மெண்டுலயே சேந்திருக்கலாம்ப்பா."

கீற்றுக் கொட்டகை

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தெற்குத் தெருவுக்கே போனேன். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். அந்தத் தெருவுக்குள் நடந்தது அதுதான் முதல் தடவை. கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார்கள். வீட்டுக்கு இவ்வளவு நெல் என்று போட்டு வாங்கிய டிரான்சிஸ்டர் ஒன்று மூங்கில் காலில் தொங்கியது. தரையில் கோடு கிழித்து நான்கு பெண்கள் தாயம் ஆடினார்கள். ஒருவர் பேப்பரை எழுத்துக் கூட்டி, தப்பும் தவறுமாக, ஆனால் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எல்லாம் நின்றது. வீராயி எழுந்து வந்தார்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததில் பாதி மறந்துவிட்டது. "அன்னிக்கு நான் சொன்னது பொய்யி. நீங்க நின்னதை நான் தெனம் மனசுக்குள்ள எண்ணினேன். அதிகாரிகிட்ட வாயைத் திறந்து சொல்லல" என்றேன். அந்த அம்மாவை நான் 'நீங்க' என்று சொன்னது அன்றுதான். அதுவும் தலையைக் குனிந்துகொண்டு. அவர் ஒரு பாயை உதறிப் போட்டு உட்காரச் சொன்னார். தாயக்கட்டை மறுபடி உருளத் தொடங்கிய பிறகுதான் பேசினார்.

"எண்ணுனது எங்களுக்குத் தெரியுமே. கரையிலேந்து பாத்தா ஒங்க ஒதடு அசையறது தெரியும். நம்ம பேரும் நோட்டுல ஏறுதுன்னு நெனச்சுத்தான் மழையிலயும் வந்து நின்னோம்."

என் பதினோரு வருஷத்து நோட்டுகளில் ஒரு பிழைகூட இல்லை என்று தணிக்கைக்கு வந்தவர்கள் எழுதிக் கொடுத்த தாளை இதுவரை நான் என் வீட்டாருக்குக்கூடக் காட்டியதில்லை.