நீலப் பறவைக்காகக் காத்த மௌனம்

இலங்கை மலைக்காட்டில் அது எங்கள் கடைசிக் காலை. காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் என் அக்கா, நீல உடலும் சிவந்த அலகும் கொண்ட ஒரு பறவையைப் படமெடுக்கவே மூன்று நாள்களாக அலைந்தாள். அதை முதலில் கண்டவன் நானே. “அதோ!” என்று மெல்லத்தான் சொன்னேன், ஆயினும் பட்டிமன்றத்தில் கடைசி வரிசைக்கும் எட்டப் பழகிய குரல் அது. பறவை பறந்துவிட்டது.

“மைக்க முழுங்கிட்டியாடா? வாய மூடிக்கினு உக்காரு!” என்றாள் அக்கா.

ஒரு மணி நேரம் வாய் திறவாதிருந்தேன். அத்தகைய மௌனத்தை என் ஆசிரியர்களும் கண்டதில்லை. பறவை திரும்பி வந்து அருகிலிருந்த கிளையில் அமர்ந்தது. அக்கா ஆசை தீரப் படமெடுத்தாள். அது பறந்ததும் கேமராத் திரையைக் காட்டித் துள்ளினாள்.

“மாட்டிக்கிச்சுடா! கண்ணு கூட தெளிவா இருக்குது. இப்ப பேசு, எவ்ளோ வேணா பேசு!”

பேசினேன். மலையடிவாரம் வரும்வரை நிறுத்தவில்லை.